சேம்புத் தோட்டமும் பூனைக்காலிக் கொடியும்

பிஜித் தீவுக் கூட்டத்தில் பரப்பளவில் மூன்றாவது இடத்தைப் பெறும் தீவு டவேயூனி. சுமார் 440 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு, எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்ததால் உண்டானது. 180ஆவது தீர்க்கரேகை இதன் மேலேயே செல்கிறது. தீவின் நடுவே 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர், கடற்காற்றைத் தடுத்து மழையாகப் பொழியச் செய்கிறது. எரிமலை மண்ணும் மழையும் வெயிலும் சேர்ந்தால் எதுதான் விளையாது? 'தோட்டத் தீவு' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட தீவிலும் மண் களைத்துப் போயிற்று. அதற்கு மருந்து தேடியதில் ஒரு கிறிஸ்தவத் தொண்டுப் பண்ணைக்கு முக்கியப் பங்கு உண்டு.

பிஜி மக்களின் முக்கிய உணவுகளுள் ஒன்று 'டலோ' என்னும் சேம்பு. நம் வீடுகளில் வறுவல் செய்யும் சேப்பங்கிழங்கும் அதுவும் ஒரே தாவர இனம்தான். ஆனால் நாம் பெரும்பாலும் உண்பது தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் சிறு கிழங்குகளை. அவர்கள் உண்பது தாய்க்கிழங்கையே. அது ஒரு கிலோ எடைக்கு மேலும் பருக்கும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியுள்ள பசிபிக் தீவினருக்கு இக்கிழங்கு இல்லாமல் விருந்தே இல்லை. ஒரு காலத்தில் இதனைப் பெருமளவில் ஏற்றுமதி செய்துவந்தது சமோவா நாடு. 1993இல் அங்கே இலைக்கருகல் நோய் புகுந்தது. வயல்கள் அழிந்தன, ஏற்றுமதி அடியோடு சரிந்தது. அந்தச் சந்தை பிஜிக்கு, குறிப்பாக டவேயூனிக்கு வந்து சேர்ந்தது.

பணம் வந்தது, கூடவே சிக்கலும் வந்தது. முன்னோர்கள் காட்டில் சிறிது இடத்தை வெட்டித் திருத்தி, ஓரிரு போகம் சேம்பு எடுத்தபின் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவிடுவார்கள். புதரும் மரமும் மீண்டும் வளர்ந்து, உதிர்ந்த இலைகளால் மண்ணுக்கு உயிரூட்டும். ஏற்றுமதி வேகத்தில் இந்த ஓய்வு குறைந்தது. ஒரே நிலத்தில் மறுபடி மறுபடி சேம்பு நடப்பட்டது. சேம்போ மண்ணின் சத்தை மிகுதியாகக் கேட்கும் பயிர். கிழங்கு சிறுத்தது. சிறுத்த கிழங்கை ஏற்றுமதியாளர் வாங்குவதில்லை. உரமும் களைக்கொல்லியும் வாங்கும் செலவு ஏறியது. பிறகு என்ன வழி? மலைச்சரிவில் இன்னும் சற்று மேலே ஏறிப் புதுக்காட்டை வெட்டுவதுதான். மழை மிகுந்த செங்குத்தான தீவில் அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தீவில் டூட்டு என்னுமிடத்தில் ஓர் ஊரகப் பயிற்சி மையம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த மாரிஸ்ட் சபைத் துறவிகள் 1969இல் தொடங்கியது இது. அரசின் நிதி உதவியும் இதற்கு உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தோ இடையில் விட்டோ கிராமத்துக்குத் திரும்பிய இளைஞர்களைச் சொந்தக் காலில் நிற்கும் உழவர்களாக்குவதே இதன் வேலை. பயிற்சி நான்கு ஆண்டுகள். ஆனால் நான்கு ஆண்டும் விடுதியிலேயே கிடப்பதில்லை. சில வாரங்கள் மையத்தில் இருப்பார்கள். பிறகு சொந்த ஊருக்குப் போய்த் தம் குலத்தாரின் நிலத்தில் தாமே பயிரிடுவார்கள். மீண்டும் திரும்பி வருவார்கள். பிஜியின் நிலத்தில் பெரும்பகுதி குலங்களுக்குப் பொதுவானது என்பதால், உழைக்க மனமுள்ள இளைஞனுக்கு நிலம் கிடைப்பது அரிதன்று. இளம் பெண்களுக்கும், கணவன் மனைவி இருவருமாக வருவோருக்கும் தனி வகுப்புகள் உண்டு. குடும்பத்தில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர், மண்வெட்டி பிடிப்பவர் இன்னொருவர் என்றால், ஒருவருக்கு மட்டும் பாடம் நடத்தி என்ன பயன்?

சமயத் தொண்டர்கள் தொலைதூரத் தீவுகளில் பண்ணை அமைத்த கதைகள் பல உண்டு. தொண்டர்கள் கப்பலேறியதும் பண்ணையும் புதராகிவிட்ட கதைகளும் உண்டு. டூட்டுவில் மாதிரிப் பண்ணை ஒன்றை வேலிக்குள் வளர்த்துக் காட்டுவதோடு நிற்கவில்லை. மாணவனின் சொந்த நிலமே பாடநூல் ஆயிற்று. இம்மையம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

களைத்த மண்ணுக்கு இங்கே முக்கிய மருந்தாகப் பயன்பட்டது ஒரு கொடி. நம் சித்த வைத்தியர்கள் நன்கறிந்த பூனைக்காலிதான் அது. உடனே சொறிய வேண்டாம்! நெற்றின் மேல் அரிப்புச் சுணை உள்ளது காட்டுவகை. பயிரிடப்படும் வகைகளில் அச்சுணை இராது. சேம்பு எடுத்த நிலத்தில் இதன் விதையை ஊன்றிவிட்டால், சில மாதங்களில் நிலம் முழுவதையும் கம்பளம் போல் மூடிவிடும். அடியில் வெயில் படாததால் களைகள் மடியும். களைக்கொல்லிச் செலவு குறையும். மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காததால் அரிப்பும் குறையும்.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் சுவையானது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேரே உண்ண முடியாது. அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. பூனைக்காலி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா அப்பிணைப்பை அறுத்து, நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றிக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தரும். மாணவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். ஒரு நிலக்கடலைச் செடியையோ தட்டைப்பயற்றையோ மெல்லப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தொழிற்சாலை ஓடுகிறது என்று பொருள். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளே அந்நிறத்தைத் தருகிறது.

நம் ஊரில் நெல் நடுமுன் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவதும் இதே தத்துவம்தான். டவேயூனியில் மட்டும் உழுவதில்லை.

ஆனால் கொடியால் எல்லாம் ஆகிவிடாது. காற்றிலிருந்து எடுக்க முடிவது தழைச்சத்து ஒன்றையே. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காற்றில் இல்லை. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிழங்கும் அவற்றில் சிறிதளவைக் கடல் கடந்து கொண்டுபோகிறது. போதாக்குறைக்கு, எரிமலை மண்ணின் துகள்கள் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. எனவே அவற்றை வெளியிலிருந்து இட்டே ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய தடை மண்ணில் இல்லை; பையில் இருக்கிறது. கொடி படர்ந்து முதிர அரை ஆண்டாவது நிலத்தைச் சும்மா விடவேண்டும். பள்ளிக் கட்டணமும் கடனும் அதுவரை காத்திருக்குமா? நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஓய்வுக்கு விட எந்த உழவனாலும் இயலாது. ஆகவே நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டில் கொடி, மற்றவற்றில் சேம்பு. அடுத்த முறை வேறு துண்டு. சேம்பு ஓராண்டுக்குள் காசு தரும். அதனோடு யங்கோனா என்னும் காவாச் செடியையும் நடுகிறார்கள். நம் மிளகும் வெற்றிலையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் வேரை இடித்து நீரில் கரைத்துக் குடிப்பது பிஜி வழக்கம். வேர் முற்ற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆனால் விலை அதிகம். சேம்பு அன்றாடச் செலவுக்கு, காவா வீடு கட்டுவதற்கு என்று இளைஞன் முதல் ஆண்டிலேயே கணக்குப் போடலாம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் இத்தீவையும் தாக்கியது. அத்தகைய புயலில் ஒரே பயிரை நம்பியவனைவிடப் பல பயிர் வைத்தவன் விரைவில் எழுவான்.

கொடி முதிர்ந்து காய்ந்ததும் விதைகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த துண்டுக்கு அதுவே போதும். மிச்சமுள்ள சருகு நிலத்தின் மேலேயே மெத்தை போல் கிடக்கும். அதை விலக்காமல், கூர்மையான கம்பால் குத்தித் துளையிட்டு, தண்டின் அடிப்பகுதியோடு வெட்டி வைத்த சேம்புக் கிழங்கின் தலைப்பகுதியை ஒவ்வொரு துளையிலும் செருகிக்கொண்டே போகிறார்கள்.