அடிபட்டால் முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு

தென்னை மரம் ஏறுகிறவர் சறுக்கி விழுகிறார். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் மூட்டை சுமப்பவரின் காலில் பெட்டி விழுகிறது. விழிஞ்ஞம் கடற்கரையில் படகு இழுப்பவரின் தோளில் இடிபடுகிறது. வீட்டில் ஓடி விளையாடும் குழந்தை கதவில் மோதிக்கொள்கிறது. அடிபடாத மனிதர் உண்டா?

தோல் கிழியவில்லை. ரத்தம் வெளியே வரவில்லை. ஆனால் அந்த இடம் வீங்குகிறது, வலிக்கிறது, நீலமாகிறது. இதை நாம் ரத்தக்கட்டு என்கிறோம். கன்றிப்போதல் என்றும் சொல்வோம். மலையாளத்தில் சதவு என்பார்கள்.

இதற்கு நம் வீடுகளில் பல கை வைத்தியங்கள் உண்டு. அவற்றில் எது நல்லது? எது கெடுதல்? பார்ப்போமா?

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோலுக்கு அடியில் தலைமுடியை விட மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அடி பலமாக விழுந்தால் அவை உடைகின்றன. ரத்தம் கசிந்து தோலுக்கு அடியிலேயே தேங்குகிறது.

முதலில் அந்த இடம் சிவக்கும். ஓரிரு நாளில் நீலமாகும். பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, மறையும். இதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். தேங்கிய ரத்தத்தை உடம்பே சிறிது சிறிதாகச் சிதைத்து அகற்றுகிறது. அதனால்தான் நிறம் மாறுகிறது. மருந்து போடாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே வலியைக் குறைப்பதும், வீக்கம் கூடாமல் பார்ப்பதும்தான் நம் வேலை.

முதல் இரண்டு நாள்

அடிபட்டவுடன் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி வையுங்கள். 10 முதல் 20 நிமிடம் போதும். நாளில் சில முறை இப்படிச் செய்யலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. தோல் புண்ணாகிவிடும்.

குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கசிவு குறையும். காலில் அடி என்றால், படுத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அடிபட்ட இடத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

இந்த இரண்டு நாளும் சூட்டு ஒத்தடம் வேண்டாம். எண்ணெய் தேய்த்து உருவவும் வேண்டாம். ஏன் தெரியுமா? சூடு ரத்தக்குழாயை விரிக்கும். உருவினால் உடைந்த குழாய் மேலும் கசியும். வீக்கம் கூடும்.

மூன்றாம் நாள் முதல்

வீக்கம் நின்ற பிறகு சூடு நல்லது. தேங்கிய ரத்தம் கரைய அது உதவும். இங்கேதான் நம் பாட்டி வைத்தியம் கை கொடுக்கிறது. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். தவிட்டையும் அப்படியே வறுக்கலாம். நொச்சி இலை, ஆமணக்கு இலை, புளிய இலை ஆகியவற்றை வதக்கியும் ஒத்தடம் தருவார்கள். இலை எதுவானாலும் இளஞ்சூடு முக்கியம். முதலில் உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சுட்டாலும் தெரியாது. கவனம் தேவை.

முறிவெண்ணெய்

கேரளத்தில் பல வீடுகளில் முறிவெண்ணெய் இருக்கும். மலையாளத்தில் முறிவு என்றால் காயம். புங்கை, வெற்றிலை, கற்றாழை, முருங்கை, கல்யாண முருங்கை, வெங்காயம் முதலியவற்றைச் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுகிறார்கள். அரிசி கழுவிய நீரும் இதில் சேரும்.

களரிப் பயிற்சியில் அடிபடுவது வழக்கம். ஆகவே களரி ஆசான்கள் அடிக்கு வைத்தியமும் கற்றார்கள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் 1956-இல் தொடங்கிய சி.வி.என். களரியில் இந்த வைத்தியமும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களின் ஓலைச்சுவடிகள் தமிழிலேயே உள்ளன. 1889-இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கிய ஆயுர்வேதப் பள்ளிதான் இன்றைய அரசு ஆயுர்வேதக் கல்லூரி.

முறிவெண்ணெயை மெல்லத் தடவலாம். அழுத்தித் தேய்க்க வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் எந்த எண்ணெயும் போதாது.

செய்யக் கூடாதவை

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது பழைய வழக்கம். சுண்ணாம்பு கூடினால் தோல் வெந்துவிடும். குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

எருக்கம்பாலைத் தடவாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கீறல் இருந்தால் சாணமோ மண்ணோ பூசாதீர்கள். அதில் தனுர்வாதக் கிருமி இருக்கலாம்.

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் விரல்கள் குளிர்ந்து, மரத்து, கறுக்கும். அப்புறம் கையையே எடுக்க வேண்டிவரும். கட்டிய பிறகு விரல் மரத்தால் உடனே கட்டை அவிழுங்கள்.

குழந்தையின் முழங்கையில் அடிபட்டால் உருவவோ இழுக்கவோ கூடாது. கை மடங்காமலே போய்விடலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கை கால் அசைக்க முடியாவிட்டால், கோணலாகத் தெரிந்தால், கால் ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தலையில் அடிபட்ட பின் வாந்தி, மயக்கம், கடும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வயிற்றில் பலத்த அடி என்றாலும் அப்படியே. 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடிபடாமலே உடம்பில் நீலம் தோன்றுகிறதா? காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் வருகின்றனவா? டெங்குவாக இருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது கசிவைக் கூட்டும்.

இன்னொரு நீலமும் உண்டு

சில பெண்களின் முகத்திலும் கையிலும் அடிக்கடி நீலம் தெரியும். கேட்டால், "படியில் விழுந்துவிட்டேன் அக்கா" என்பார்கள். உண்மையில் வீட்டில் அடி வாங்கியிருப்பார்கள். இந்த அடிக்கு ஒத்தடம் மட்டும் மருந்தாகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் சட்டம் வந்தது. பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, சுவரில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.