குடற்புண்: உணவின் குற்றமா, கிருமியின் வேலையா?

ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரம் போன்ற ஆலை நகரங்களில், இரவு முறை வேலை பார்க்கும் தொழிலாளிக்கு வயிற்றெரிச்சல் கண்டால், வேளை தவறிய உணவையும் மிளகாய்க் காரத்தையும் குறை கூறுவது வழக்கம். தென்னிந்தியாவில் முன்சிறுகுடற்புண் மிகுதி என்பது பழைய செய்தியே. அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் 1920-களிலிருந்து பணிபுரிந்த டாக்டர் சாமர்வெல், இந்நோயாளிகள் பலருக்கு அறுவை செய்தார். அரிசி உணவே காரணமாகலாம் என்ற கருத்தும் பின்னர் ஆராயப்பட்டது.

1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். வளர்முக நாடுகளில் நெருக்கமான குடியிருப்பு, சுகாதாரக் குறைவு ஆகியவற்றால் இத்தொற்று குழந்தைப் பருவத்திலேயே பரவுகிறது. தொற்றுடைய அனைவருக்கும் புண் உண்டாவதில்லை. வலி நீக்கும் மாத்திரைகள் சிலவும் புண்ணை உண்டாக்கும். காரம் எரிச்சலை மிகுவிக்கலாம். புண்ணுக்கு அது மூலகாரணம் அன்று.

எனவே, அமிலம் தணிக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது மட்டும் தீர்வாகாது. பரிசோதனையில் தொற்று உறுதியானால், மருத்துவர் கூறும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இரு வாரம் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். கிருமி ஒழிந்தால் பெரும்பாலோர்க்குப் புண் மீள்வதில்லை. மலம் கருமையாகப் போனால் இரத்தக் கசிவு என ஐயுற்று உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். தூய குடிநீரும் கழிப்பிடமும் அடுத்த தலைமுறையை இந்நோயினின்று காக்கும்.