கல்லூரித் தோட்டத்துக் கீரை விடுதித் தட்டுக்கு வருமா?

விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கண்ணில் முதலில் படுவது முகவெளுப்புதான். "என்னடி, இப்படி வெளுத்துப் போயிட்டே?" என்று கேட்பார். பெண்ணோ, "படிப்பும்மா, தூக்கம் இல்லை" என்பாள். படிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் சாப்பாட்டைப் பார்ப்பது நல்லது. சோறு, சாம்பார், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. கீரை என்பது பல விடுதிகளில் மாதத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளி.

சித்த மருத்துவம் பாண்டு என்றும், வெளுப்பு நோய் என்றும் சொல்வதுதான் இன்றைய இரத்தசோகை. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பாதிக்கும் மேலே! இந்த இடத்தில்தான் கல்லூரி வளாகத்தில் மாணவர்களே போடும் காய்கறித் தோட்டம் மருத்துவர் பேச வேண்டிய விஷயமாகிறது.

இப்படி ஒரு தோட்டம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் 1967ல் மாணவர் தோட்டம் ஒன்று தொடங்கினார்கள். வழிகாட்டியவர் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர்; ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர்! கிடைத்ததோ சரிவான, வறண்ட நிலம். இயந்திரம் இல்லாமல், கையாலேயே ஆழக் கொத்தி, மட்கு உரம் போட்டு மாணவர்கள் அதைப் பூவும் காயுமாக மாற்றினார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நம் நாட்டிலும் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட 2019ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தால் கல்லூரிப் பிள்ளைகளால் முடியாதா என்ன?

நம் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்கு வருவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது இடம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் கூடுகிற ஊர் இது. சாலையை ஒட்டிய காம்பவுண்டு ஓரம் காலியாகத்தான் கிடக்கும், "இங்கேயே பாத்தி போடலாமே" என்று தோன்றும். வேண்டாம். 2000 வரைக்கும் பெட்ரோலில் காரீயம் கலந்திருந்தது. சாலையோர மண்ணில் படிந்த காரீயம் லேசில் போகாது. போதாததற்கு வண்டிப் புகையும் புழுதியும் கீரை இலையில் ஒட்டும். விடுதிக்குப் பின்புறம், சமையலறைக்குப் பக்கம், வெயில் விழும் இடமே சரி. கட்டட இடிபாடு, பழைய பெயின்ட் கொட்டிய இடமும் ஆகாது.

எவ்வளவு இடம் வேண்டும்? கணக்கு எளிது. ஆளுக்கு 100 கிராம் பச்சைக் கீரை என்றால் நூறு பேருக்கு ஒரு வேளைக்குப் பத்து கிலோ. ஒரு சென்ட்டில் தண்டுக்கீரை நல்லா வந்தால் மாதம் முப்பது கிலோவுக்குக் குறையாது. ஆக மூன்று சென்ட் நிலத்தில் பத்து நாள் இடைவெளி விட்டு விட்டு விதைத்தால், நூறு பேருக்கு வாரம் இரண்டு தடவை கீரை உண்டு. கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் பிறகு ஆசைக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் வருஷம் கீரையே போதும். 25, 30 நாளில் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் உற்சாகம் வரும். ஐப்பசி மழையில் கீரை அழுகும், அதனால் பாத்தியை மேட்டுப்பாத்தியாக உயர்த்தியே போடுங்கள். வேலியோரம் முருங்கையும் அகத்தியும். குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பலாம், கீரைக்கு விடக்கூடாது.

தவசிக்கீரை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் சமைத்தே சாப்பிட வேண்டும். 1995ஐ ஒட்டித் தைவானில், உடம்பு இளைக்கும் என்று நம்பி இதன் பச்சைச் சாற்றை நாள் தவறாமல் குடித்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. மூலிகை என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

கீரையால் மட்டும் சோகை தீருமா? தீராது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது நாலரை மில்லிகிராம்தான். அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதிகம் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைந்துபோகும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பார்த்து மாத்திரையோ மருந்தோ எடுக்கத்தான் வேண்டும். கீரை அதற்குத் துணை.

இன்னொன்று. செருப்பில்லாமல் பாத்தியில் இறங்கினால், அசுத்தமான மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உள்ளே போய்க் குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். சோகையைப் போக்கப் போட்ட தோட்டமே சோகையைக் கொடுத்த கதையாகிவிடும். செருப்பு, வேலை முடிந்ததும் சோப்பு, இரண்டும் கட்டாயம்.

தோட்டம் எங்கே படுத்துப்போகும் தெரியுமா? இரண்டு இடத்தில். ஒன்று சமையலறை வாசல். பத்து கிலோ கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நறுக்க வேண்டும். சமையல்காரம்மா ஒருத்தர் தலையில் இதைக் கட்டினால் இரண்டாவது வாரமே, "கடையிலேயே உருளைக்கிழங்கு வாங்கிடுங்கம்மா" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தானே! அதனால் அன்றைக்குத் தோட்டமுறை யாருக்கோ அவர்களே ஆய்ந்தும் கொடுக்கட்டும். எட்டு பேர் உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை, அரட்டையோடு.

இரண்டாவது, மே மாத விடுமுறை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், வெயிலில் பாத்தி காய்ந்துபோகும். ஜூனில் வந்து பார்த்தால் மனசு விட்டுப்போகும். இதற்கு ஊர்ப் பெயரிலேயே மருந்து இருக்கிறது: உளுந்து. தை மாதம் பாதிப் பாத்திகளில் உளுந்து விதைத்தால் 65 முதல் 75 நாளில், தேர்வுக்கு முன்பே காய் பறித்துவிடலாம். அதன் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். செடியை அங்கேயே மடக்கி, சருகு மூடிவிட்டுப் போனால் மண் கோடையைத் தாங்கும். முருங்கைக்கும் அகத்திக்கும் காவலாளி வாரம் ஒரு குடம் ஊற்றினால் போதும்.

கிடைத்த உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து, கிளம்புவதற்கு முந்தின நாள் விடுதியில் உளுந்தங்களி கிண்டச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் இடுப்புக்கு நம் பாட்டிமார் கொடுத்து வந்த பண்டம் அது.