பணிப்பெண்ணுக்குத் தெரிந்தது: முசலிக் கரையில் அன்றும் இன்றும்

இன்ஸ்பெக்டர் விதர்ஸ்பூனுக்குப் பிணத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் கொலை வழக்குகளைத் துலக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் அவருடைய வீட்டை நிர்வகிக்கும் திருமதி ஜெஃப்ரீஸ் என்ற விதவைப் பெண். சமையற்காரி, பணிப்பெண், வண்டிக்காரன், எடுபிடிப் பையன் என்று வீட்டில் வேலை செய்யும் எல்லோரும் மற்ற வீட்டு வேலைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துச் செய்தி சேர்ப்பார்கள். சமையலறை மேசையில் தேநீரோடு எல்லாம் கொட்டப்படும். திருமதி ஜெஃப்ரீஸ் அவற்றைக் கோத்துப் பார்த்து, உண்மையை ஐயாவின் காதில் பக்குவமாகப் போட்டுவைப்பாள். தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு அவர் போய்க் கைது செய்வார். எமிலி பிரைட்வெல் என்ற புனைபெயரில் 1993இல் தொடங்கிய இந்தத் தொடர் நாற்பது நாவல்களைத் தாண்டிவிட்டது.

பொழுதுபோக்கு வாசிப்புத்தான். ஆனால் அதன் அடியில் கிடக்கும் எண்ணம் மிகச் சரியானது என்று நான் நம்புகிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே எசமானர்கள் கடன் பேசினார்கள், சண்டை பிடித்தார்கள், உயில் மாற்றினார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவளை ஒரு ஆளாக யாரும் எண்ணவில்லை. எண்ணாததால்தான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

அதே மகாராணியின் ஆட்சி இலங்கையின் மன்னாரிலும் நடந்தது. துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் லண்டனை விட மன்னாருக்குத் தெற்கே எங்கள் முசலிக் கரையில் கூடுதலாகவே இருந்தது. 1890இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையான 'நால்வர் அடையாளம்' ஒரு இளம்பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒன்றாகத் தபாலில் வரும் முத்துகளில்தான் தொடங்குகிறது. கதையில் வரும் முத்துக்குக் கடல் தேவையில்லை. நிஜ முத்துக்குக் கடல் இருந்தது: அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் நேர் மேற்கே, மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் கடலடிப் பார்களில். செவல்பார், மோதரகம்பார், பெரியபார் என்று அவற்றுக்குப் பெயர்.

அருவி ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து தெற்கே போனால் அரிப்பில் ஒரு இடிந்த மாளிகை நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். முத்துக்கடலை ஆண்ட அல்லி அரசாணி அங்கே இருந்தாள் என்பது வழிவழியாக வரும் கதை. கட்டியவர் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த். 19ஆம் நூற்றாண்டு பிறந்த முதல் சில ஆண்டுகளில், கிரேக்கப் பாணித் தூண்களோடு, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பினார். முத்துக்குளிப்பு நடக்கும்போது தங்கி மேற்பார்வை செய்யத்தான் அந்த வீடு. ஆளுநரின் திட்டமும் அதன் அழகும் பதிவாகியிருக்கின்றன. அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், விளக்கு ஏற்றியவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் வரும் விழா அல்ல. 1838 முதல் 1854 வரை ஒரு தடவைகூட நடக்கவில்லை. 1891இல் நல்ல அறுவடை கிடைத்தது, பிறகு 1903 வரை ஒன்றுமில்லை. சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்களின் கண்காணிப்பாளர் கப்பலில் போய்ப் பார்த்து மாதிரி எடுத்துவந்து, அதில் கிடைத்த முத்தை விலை மதித்த பின்தான் அரசாங்கம் அறிவித்தல் போடும். போட்டதும் வெறும் மணலில் ஒரு நகரம் முளைக்கும். கிடுகுக் கொட்டில்கள், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கச்சேரி, பொலிஸ், மறியல் வீடு. இருபதாயிரம் முப்பதாயிரம் சனம் கூடும். தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், மன்னாரார் வருவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரேபியர் ஆயிரக்கணக்கில் வந்து குளித்தார்கள். எங்கள் ஆட்கள் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறங்க, அரேபியர் மூக்கில் கவ்வி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. வாந்திபேதி தலைகாட்டினால் அத்தனை பேரும் கலைந்து ஓடுவார்கள்.

இந்த நகரத்தின் நடுவே இருந்தது கொட்டு. வேலி அடைத்த பெரிய வளவு. நடுச்சாமம் தாண்டித் தரைக்காற்றில் போன வள்ளங்கள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். சிப்பி முழுவதும் கொட்டுக்குள் போகும். மூன்று குவியலாகப் பிரித்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டை அரசாங்கமும் ஒன்றைக் குளித்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது. அப்படி ஒரு வியாபாரத்தில் களவு இல்லாமல் இருக்குமா?

கடலிலிருந்து திரும்பும் வழியிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை எடுத்துவிடுவார்கள். கன்னத்துக்குள், மூக்குக்குள், தலைமயிருக்குள், சுருட்டிய பாயின் மடிப்புக்குள் அது ஒளியும். வள்ளத்துக்கு வள்ளம் காவல் ஆள் போட்டும் நிற்கவில்லை. ஏலத்தில் எடுத்த சிப்பியை வியாபாரிகள் ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் அழுகவிட்டு, பின் நீர் ஊற்றிக் கழுவுவார்கள். புழுவும் ஈயும் நாற்றமும் சொல்லி முடியாது. கழுவுகிற கூலியாட்கள் வரிசையாகக் குந்தியிருக்க, கைகள் நீருக்குள்ளேயே இருக்கவேண்டும், வாய்ப்பக்கம் போகக்கூடாது என்று இரு முனையிலும் மேற்பார்வையாளர் நிற்பார். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் ஆளைப் பூட்டிவைத்துப் பேதிமருந்து கொடுப்பார்கள். விக்டோரியா காலத்துத் துப்பறிதல் எங்கள் ஊரில் நடந்த விதம் இதுதான். எல்லாச் சந்தேகமும் கூலிக்காரன் வயிற்றின் மேல்தான் விழுந்தது. ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கும் வியாபாரியின் பெட்டியை யாரும் அப்படிக் குடையவில்லை.

பெரிய முத்துகளைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சும் மணலும் சிப்பித்தூளும் சீலையில் பரப்பிக் காயவைக்கப்படும். ஆண்கள் பார்த்து முடித்துவிட்ட குப்பை அது. பிறகு பெண்களும் சிறுவர்களும் அழைக்கப்படுவார்கள். புடைத்து, அரித்து, விரல் நுனியால் தடவித் தடவி, கடுகிலும் சிறிய முத்துகளை அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். முத்து வியாபாரத்தில் துளைகளின் எண்ணிக்கை மாறி மாறி வரும் பித்தளைச் சல்லடைகள் உண்டு; ஆணி, அனதாரி, களிப்பு, குறுவல், தூள் என்று தரம் பிரிக்கும் கண்ணுள்ள செட்டிமார் உண்டு. இவர்களைப் பற்றி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கடைசிக் குப்பையிலிருந்து முத்தைப் பிடித்த பெண்களுக்குக் கிடைத்தது ஓரிரு வரி. அவர்களின் கண் கூர்மையானது, விரல் மென்மையானது என்று அந்த வரிகள் மெச்சுகின்றன. பெயர் சொல்லவில்லை.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்: அந்தச் சீலையைச் சுற்றிக் குந்தியிருந்தவர்கள் பேசாமலா இருந்திருப்பார்கள்? எந்தத் தண்டலின் வள்ளம் எப்போதும் பிந்தி வருகிறது, எந்த வியாபாரி எந்தக் கங்காணிக்குச் சாராயம் வாங்கிக் கொடுக்கிறான், எவன் வீட்டில் திடீரென்று இரண்டு வேளை அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டிருக்கும். திருமதி ஜெஃப்ரீஸின் சமையலறை மேசை எங்களுக்கு அந்தச் சீலை. ஆனால் அவர்களிடம் எந்த இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை, எந்த எழுத்தாளரும் கேட்கவில்லை. 1906இல் மறிச்சுக்கட்டிக் கொட்டுக்குள் இளம் அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃப் பின்னாளில் 'முத்துகளும் பன்றிகளும்' என்று ஒரு சிறுகதை எழுதி 1921இல் வெளியிட்டார். ஏகாதிபத்தியத்தின் முகத்தை அந்த மணலில் பார்த்து, துணிவோடு எழுதிய கதை. அதற்காக அவரை மதிக்கிறேன். அதிலும் கதை சொல்கிறவர்கள் வெள்ளைக்கார ஆண்கள்தான்.

பிறகு எல்லாம் விரைவாக முடிந்தது. 1905இல் கண்டிராத அறுவடை. மறு ஆண்டே பார்கள் முழுவதும் ஒரு லண்டன் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி குத்தகைக் காலம் முடியுமுன்பே கலைந்தது. 1925இல் ஒரு முறை குளித்தார்கள். அதற்குள் ஜப்பானில் மிகிமோத்தோவின் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. அது எங்களை அடித்ததை விடப் பாரசீக வளைகுடாவை அடித்தது மோசம். பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்தை நம்பியிருந்த ஊர்கள் பட்டினி கிடந்தன. பஹ்ரைனில் 1932இலும் குவைத்தில் 1938இலும் எண்ணெய் கிடைத்தது. முத்துக் குளிக்க எங்கள் கரைக்கு வந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் குளிரூட்டிய பெரிய வீடுகளில் வாழத் தொடங்கினார்கள். அந்த வீடுகளுக்கு வேலையாள் தேவைப்பட்டது.

இன்று மறிச்சுக்கட்டியில் கொட்டு இருந்த அடையாளம் தேடினால் மண்ணுக்குள் சிப்பி ஓடுகள்தான் கிடைக்கும். சிலாவத்துறையிலும் அப்படியே. அல்லிராணி கோட்டையின் கடற்பக்கத்தை அலை தின்றுகொண்டே வருகிறது. தூண்கள் சில மிச்சம். 1990 ஒக்டோபரில் இந்தக் கரையின் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் கொண்டுபோக முடிந்ததோடு அவர்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்க் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். 2009க்குப் பிறகே திரும்ப வழி பிறந்தது. வந்தபோது காணிகளில் காடு வளர்ந்திருந்தது. முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் 2007இல் வெளியேறினார்கள். ஊரில் கடற்படைத் தளம் எழுந்தது. 2017இல் காணியின் ஒரு பகுதி மட்டும் விடப்பட்டது. இப்படிப் பிடுங்கப்பட்ட குடும்பங்களில் கடனை அடைக்கவும் கூரை போடவும் வழி என்ன? பல வீடுகளில் பெண்ணின் பாஸ்போர்ட்தான் வழியாயிற்று.

ஆகவே பயணத்தின் திசை மாறிவிட்டது. அன்று குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் ஆண்கள் இங்கே வந்தார்கள். இன்று இங்கிருந்து பெண்கள் அங்கே போகிறார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்த பிறகு அது அரசாங்கக் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஏஜென்சிக்காரன், மெடிக்கல், ஹவுஸ்மெய்ட் விசா, இக்காமா என்ற வதிவிட அனுமதி, கபில் என்ற பொறுப்பாளர் – இந்தச் சொற்கள் முசலியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அன்று முத்தை விழுங்கியவனா என்று வயிற்றைச் சோதித்தார்கள். இன்று விமானம் ஏறுமுன் கர்ப்பமா என்று சோதிக்கிறார்கள், இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வீடுகள் ஏராளம். நகை காணாமல் போனால் முதலில் யாருடைய பையைக் கொட்டுவார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குப் போய்வந்த பெண்களைப் பேசவிட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒரு வீட்டை எவ்வளவு நுட்பமாக வாசித்திருக்கிறார்கள் என்று. மொழி தெரியாமல் போனவர்கள் முதலில் முகம் படித்தார்கள். 'மாமா' என்று அழைக்கப்படும் எசமானி குரலைத் தாழ்த்தினால் 'பாபா' என்ற எசமான் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று பொருள். மூத்தவன் சாப்பாட்டைத் தட்டில் விட்டால் தகப்பனோடு சண்டை. பாட்டியின் மருந்துப் புட்டி குறையாமல் இருந்தால் கிழவி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள். சம்பளம் எந்த மாதம் பிந்தும் என்பதை எசமானியின் கடைச் சாமான் பையைப் பார்த்தே அறிந்துகொண்டவர்கள் இவர்கள். இது உயிர் பிழைக்கக் கற்ற துப்பறிதல். ஓர் அறையில் யாரோடு தனியே இருக்கக்கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன ரிசானா நபீக்கை நாம் மறக்கமுடியாது. பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டு 23 என்றது. பார்க்கச் சொன்ன கைக்குழந்தை இறந்துபோனது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது என்றார். வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் முறையான மொழிபெயர்ப்பாளர் அல்ல என்று மனித உரிமை அமைப்புகள் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டு இலங்கை அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று சட்டதிட்டம் போட்டது. விசாரணை மறுபடியும் பெண்ணின் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. வயதைக் கூட்டிப் பத்திரம் செய்து அனுப்பும் வழியைக் கேட்கவேண்டிய இடமெல்லாம் வேறு.

எங்கள் மொழியில் துப்பறியும் கதைக்குப் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறு ஆண்டுக்கு முன்பே வாசகரைக் கட்டிப்போட்டார்கள். மன்னார்க் கடைகளில் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களுக்கு இருந்த கிராக்கியை என் தலைமுறை அறியும். வக்கீலும் பொலிசும் சாமியாரும் துப்பறிந்தார்கள். சீலையில் மணல் அரித்தவள் துப்பறியவில்லை. குவைத்தில் பாத்திரம் கழுவியவளும் துப்பறியவில்லை. 1891ஆம் ஆண்டு முத்துக்குளிப்பை வைத்து ஒருவர் தொடங்கலாம். அதற்கான கடலும் காற்றும் களவும் அதிகாரிகளின் அறிக்கைகளில் இருக்கின்றன, பெண்களை மட்டும் நாம்தான் கற்பனை செய்யவேண்டும். வளைகுடாக் கதைக்குக் கற்பனையும் தேவையில்லை. எண்பதுகளில் முதன்முதலாகப் போன பெண்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்களாகச் சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் பொற்கேணியிலும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் படித்து ஆசிரியராகி, அதே ஊர்ப் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கிறார்கள். உம்மாவிடம் கேட்டு எழுத அவர்களை விடப் பொருத்தமானவர்கள் வேறு யார்? ஒரு வீட்டில் எத்தனை அறை, எந்த அறையின் சாவி யாரிடம், இரவில் எந்த ஓசைக்கு யார் எழும்புவார் என்பதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்.