விளையாட்டுப் பேழையின் கொள்ளளவு

வீடியோ விளையாட்டு என்றவுடன் இக்காலத்து மாணவர்க்குக் கைப்பேசியே நினைவுக்கு வரும். அவர்தம் பெற்றோர் 1990ஆம் ஆண்டுகளில் ஆடியது வேறு வகை. தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு சிறு பொறியை இணைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பேழையைச் செருகி ஆடுவர். பேழையை மாற்றினால் ஆட்டமும் மாறும். ஆங்கிலேயர் கார்ட்ரிட்ஜ் என்னும் அதனை நம் செங்கற்பட்டுப் பக்கத்துச் சிறுவர் 'கேசட்டு' என்றே வழங்கினர். ஆனால் பாட்டுக் கேசட்டில் இருப்பது போன்ற நாடா அதனுள் இல்லை. ஒரு பச்சைத் தகடும் அதில் பதித்த சில சில்லுகளுமே உள்ளன. அச்சில்லுகள் எவ்வளவு கொள்ளும், கொண்டதை எவ்வளவு காலம் காக்கும் என்னும் இரு வினாக்களை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அளவையை அறிதல் வேண்டும். கணிப்பொறி அறிவன இரண்டே குறிகள், ஒன்று, சுழி. அத்தகைய ஒரு குறி பிட்டு எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஒரு பைட்டு 256 வேறுபட்ட நிலைகளைக் காட்டவல்லது. நம் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247 ஆதலின், நாமே ஒரு குறியீடு வகுத்துக்கொண்டால், ஒரு பைட்டில் ஒரு தமிழெழுத்தை அடக்கிவிடலாம். 1,024 பைட்டு ஒரு கிலோபைட்டு; 1,024 கிலோபைட்டு ஒரு மெகாபைட்டு.

1985இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தின் அளவு 40 கிலோபைட்டு. அஃதாவது 40,960 பைட்டு. திருக்குறளில் 1,330 குறள்கள். குறள் ஒன்றுக்கு ஏழு சீர். ஆக 9,310 சீர்கள். சீருக்கு நான்கு எழுத்தென மதிப்பிட்டால் 37,240. ஐந்தெனக் கொண்டால் 46,550. எனவே, அவ்வாட்டம் முழுவதும் ஏறத்தாழத் திருக்குறள் மூலத்தின் பருமனே உடையது. அத்துணைச் சிறிய இடத்தில் எட்டு உலகங்களும், அவற்றின் இசையும், பகைவரும், விதிகளும் அடங்கிய விந்தையை நோக்குக.

அதனை எவ்வாறு அடக்கினர்? அந்த 40இல் 32 கிலோபைட்டு ஆட்டத்தின் கட்டளைகளுக்கும், 8 கிலோபைட்டு ஓவியங்களுக்கும் உரியன. ஓவியங்கள் முழுப் படங்களாக வைக்கப்படவில்லை. பக்கத்துக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரங்களாக, மொத்தம் 512 சதுரங்களே வைக்கப்பட்டன. சில கோலத் துண்டுகளையே திருப்பித் திருப்பி இணைத்து வாசல் முழுதும் கோலமிடுவது போல, அச்சதுரங்களைக் கொண்டே காட்சி அனைத்தையும் அமைத்தனர். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. மறைநூலில் ஒரு தாலந்து பெற்ற ஊழியன் அதனை மண்ணிற் புதைத்து வைத்தான். இவர்களோ தமக்கு வாய்த்த சிறு முதலைப் பலவாறு பெருக்கினர் என்னலாம்.

இதற்கு முன் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 1977இல் வெளிவந்த அடாரி 2600 பொறி ஒரு நேரத்தில் பேழையில் 4 கிலோபைட்டை மட்டுமே காணவல்லது. இவ்வெல்லையைக் கடக்கக் கண்ட உபாயம் பகுதி மாற்றுதல். ஓலைச்சுவடி எத்துணைப் பெரிதாயினும் படிப்பவன் கண்முன் இருப்பது ஓர் ஏடே. அதனைப் புரட்டினால் அடுத்தது வரும். அதுபோலப் பேழையினுள் சில ஏற்பாடுகள் செய்து, வேண்டிய பகுதியை மட்டும் பொறியின் முன் திறந்து காட்டினர். பொறி மாறாமலே பேழைகள் வளர்ந்தன. 1993இல் வந்த 'கர்பீஸ் அட்வென்ச்சர்' மேரியோவின் பொறியிலேயே ஆடத்தக்கது. அதன் அளவோ 768 கிலோபைட்டு. பின்னர் வந்த நிண்டெண்டோ 64 என்னும் பொறிக்கு 64 மெகாபைட்டுப் பேழைகளும் செய்யப்பட்டன. இரண்டு குறுந்தகடுகளில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' என்னும் ஆட்டத்தை 1999இல் அத்தகைய ஒரே பேழையில் சுருக்கி அடக்கினர்.

அளவு பெருகவே, அளவைக் கொண்டு மயக்குதலும் பெருகிற்று. விற்போர் பெரும்பாலும் மெகாபிட்டுக் கணக்கையே பறைசாற்றினர். 'நான்கு மெகா' எனக் கேட்போர் மெகாபைட்டு என மயங்குவர். எட்டால் வகுத்தால் 512 கிலோபைட்டே எஞ்சும். 1991இல் வந்த 'சோனிக்' ஆட்டத்தின் அளவு அதுவே.

நம் நாட்டுக் கடைகளில் மிகுதியாக விற்றவை நிண்டெண்டோவின் பாமிகாம் பொறியைப் பார்த்துச் செய்த போலிகள். அவற்றுக்குரிய பேழைகள் சிலவற்றின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்டம் ஒன்றுக்கு 40 கிலோபைட்டு என்றால் 9,999 ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 390 மெகாபைட்டு வேண்டும். நிண்டெண்டோ 64இன் மிகப் பெரிய பேழையைப் போல் ஆறு மடங்கு! உண்மையில் உள்ளே இருந்தவை சில ஆட்டங்களே. அவற்றையே வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கச் செய்து, பட்டியலில் வேறு வேறு எண் இட்டிருந்தனர். பெருக்கல் வாய்பாடு அறிந்த சிறுவன் கடையிலேயே இவ்வேமாற்றத்தைக் கண்டுகொள்ளலாம்.

இனி இரண்டாம் வினாவாகிய காப்பினை நோக்குவோம். ஆலையிலேயே அச்சுப்போலப் பதிக்கப்பட்ட சில்லில் உள்ளவை மின்சாரம் இன்றியும் பல்லாண்டு நிற்கும். ஆயின் ஆடுவோன் எட்டிய நிலையைக் குறித்துவைக்கும் நினைவு அத்தகையதன்று. 1987இல் அமெரிக்காவில் வெளியான 'லெஜண்ட் ஆப் செல்டா' பேழையில் அதற்கென ஒரு பொத்தான் மின்கலம் வைத்தனர். அக்கலம் தீர்ந்தால் குறிப்பும் அழியும். கலத்தைக் கழற்றினாலும் அழியும். ஒரு சிறுவன் கோடை விடுமுறை முழுதும் ஆடிச் சேர்த்தது ஒரு நாளில் இல்லாதொழியும்.

நம் கடற்கரைக்கோ மற்றொரு பகையும் உண்டு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வீசும் உப்புக் காற்று உலோகத்தை அரிப்பது. பேழையின் அடியிலுள்ள செம்புப் பற்களில் களிம்பேறினால் உள்ளே அனைத்தும் நலமாயிருந்தும் ஆட்டம் எழாது. சிறுவர் அதனை வாயால் ஊதுவர். மூச்சின் ஈரம் அரிப்பை மிகுவிக்குமேயன்றித் தீர்க்காது.

அவ்வுப்புக் காற்று மாமல்லபுரத்துக் கடற்கோயிலின் கருங்கற் சிற்பங்களையும் மழுங்கச் செய்துள்ளது. கல்லே தேயும் இடத்தில் எழுத்தைக் காப்பது எங்ஙனம்? அதற்கொரு வழியை அக்கரையிலேயே காண்கின்றோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை உள்ளது. அதன் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திற் பொறித்த வடமொழிச் செய்யுட்களை எதிர்ச் சுவரில் நாகரி எழுத்திலும் பொறித்துள்ளனர். மாமல்லபுரத்துக் கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே செய்யுட்கள் காணப்படுகின்றன. பொறித்தோர் கருத்து எதுவாயினும், ஓரிடத்தில் சிதைந்த எழுத்தை மற்றோரிடத்துப் படியைக் கொண்டு அறிய ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் இடமுண்டு. கொள்ளும் இடம் பெரிதாயிருத்தலினும் படி ஒன்று வேறிடத்தில் இருத்தலே காவல் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின், வீட்டுப் பரணில் இத்தகைய பேழை கிடக்கக் காணும் மாணவர் அதனைக் குப்பையில் எறியாதிருப்பாராக. ஊதுதலை விட்டு, பஞ்சில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்துப் பற்களைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகிப் பார்க்கலாம். மின்கலத்தை மாற்றுமுன், அதற்குரிய கருவியால் உள்ளிருக்கும் குறிப்பைப் படியெடுத்துக் கொள்ளல் வேண்டும். பேழை இன்னும் பேசும்போதே இதனைச் செய்தல் நலம். வாயடைத்த பின்னர் அதன் கொள்ளளவு எவ்வளவாயினும் நமக்குப் பயன் யாது?