விலைக்கு வரும் விசாரணை: கையெழுத்திடும் முன் கைத்தொழில் செய்வோர் அறிய வேண்டியவை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயிண்டர், ஆசாரி, ஏசி மெக்கானிக், மொட்டைமாடி நீர்க்கசிவை அடைப்பவர் எனத் தனியாகவோ இரண்டு மூன்று ஆட்களை உடன் வைத்துக்கொண்டோ தொழில் நடத்துகிறவர்களை, வாடிக்கையாளரைத் தேடித் தருவதாகச் சொல்லும் இணையத் தளங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் செல்போனில் அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்கள் விற்பதற்குத் தொழில் வழக்கில் ‘லீடு’ என்று பெயர். ஒரு வேலைக்காக ஆள் தேடிய ஒருவரின் பெயர், தொலைபேசி எண், தேவை ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு சிறு குறிப்பே லீடு. தமிழில் அதை விசாரணை எனலாம். விசாரணை வேறு, வேலை வேறு. விற்பவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார், ஒப்பந்தம் விசாரணையைப் பற்றி மட்டும் பேசுகிறது, பணம் கட்டுகிறவர் இரண்டும் ஒன்றென்று நம்பிவிடுகிறார். பின்னர் எழும் தகராறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த வணிகம் இந்தியாவுக்குப் புதிதன்று. வி.எஸ்.எஸ். மணி 1996-இல் மும்பையில் தொடங்கிய ஜஸ்ட்டயல், தொலைபேசியில் கேட்டவர்களுக்குக் கடைகளின் எண்களைச் சொல்லும் சேவையாகப் பிறந்து, பின்னர் இணையத்துக்கு வளர்ந்து, 2021-இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் குழுமத்தின் கைக்குப் போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகாவும் வீட்டுப் பணிகளுக்கான விசாரணைகளைத் தொழில் செய்வோரிடம் சேர்க்கும் தளமாக வளர்ந்தது. 2014-இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கி 2020-இல் அர்பன் கம்பெனி எனப் பெயர் மாறிய நிறுவனமும் முதலில் விசாரணைகளைப் பணியாளர்களுக்கு அனுப்பும் முறையில்தான் நடந்தது. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, விலையைத் தானே நிர்ணயித்து, முடிந்த வேலைக்குக் கமிஷன் எடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. இம்மாற்றம் கவனிக்கத் தக்கது. முதல் முறையில் வேலை கிடைக்காத இழப்பு முழுவதையும் பணம் கட்டியவரே சுமக்கிறார். இரண்டாவதில் அந்த இழப்பின் ஒரு பகுதி தளத்தின் தலையிலும் விழுகிறது, ஆனால் கூலியை முடிவு செய்யும் உரிமை தொழிலாளியின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

கட்டணம் கட்டி விசாரணை வாங்குவது கட்டுபடியாகுமா என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டுத் திட்டத்தின் விலை ரூ.15,000 என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியான ரூ.2,700 சேர்ந்து கையிலிருந்து போவது ரூ.17,700. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருப்பவர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், அந்த ரூ.2,700-ஐ வரிக்கழிவாகத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆண்டு முழுவதும் 60 விசாரணைகள் வருகின்றன என்றும், அவற்றில் 20 பேர் போனை எடுக்காதவர்கள், ரேட் மட்டும் கேட்டு வைத்துவிடுபவர்கள், வேறு ஊர்க்காரர்கள் என்றும் கொள்வோம். மீதமுள்ள 40 பேரின் எண் இவருக்கு மட்டும் வருவதில்லை. அதே எண் அதே நிமிடத்தில் இன்னும் மூன்று பேருக்குப் போயிருந்தால், திறமையில் நால்வரும் சமம் என்று கொண்டாலும் இவருக்குக் கிடைப்பது பத்து வேலை. அப்படியானால் ஒரு வேலையைப் பிடிக்க ஆகும் செலவு ரூ.1,770, பத்து ஆறாகக் குறைந்தால் ரூ.2,950. இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் கொடுக்கப் போய்வரும் பெட்ரோலும் அரை நாள் கூலி இழப்பும் இதில் சேரவில்லை. குழாய் மாற்றி நானூறு ஐந்நூறு வாங்குகிற பிளம்பருக்கு இது நேர் நட்டம். ஆயிரம் சதுர அடி மாடிக்கு வாட்டர் புரூஃபிங் செய்து ஆறாயிரம், எட்டாயிரம் மிச்சம் பார்க்கிறவருக்கு இது தாங்கக்கூடிய செலவு. ஆகவே தளம் நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பதைவிட, ஒரு வேலையில் மிஞ்சும் தொகை அந்த வேலையைப் பிடிக்கும் செலவைத் தாங்குமா என்று கேட்பதே பயனுள்ளது.

ஊரின் இயல்பும் இக்கணக்கை மாற்றும். சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பிளம்பரையும் தெரியாது. அவர் செல்போனில்தான் தேடுவார். இராஜபாளையத்தில் பெரும்பாலான வேலைகள் ஹார்டுவேர் கடைக்காரர், பெயிண்ட் கடைக்காரர், வீடு கட்டிய கொத்தனார், மில்லில் உடன் வேலை பார்ப்பவர் ஆகியோர் வாய்வழியாகவே நகர்கின்றன. பெயிண்ட் வாளிக்குள் கம்பெனி வைக்கும் டோக்கனை எடுத்துக்கொண்டு பெயிண்டர் எந்தக் கடைக்குப் போய் மாற்றுகிறாரோ, அந்தக் கடையின் கல்லாவுக்கு அருகிலேயே அடுத்த வேலைக்கான விசாரணை காசில்லாமல் காத்திருக்கிறது. கடைக்காரர் தன் பெயரைப் பணயம் வைத்து ஆள் அனுப்புவதால், அந்த விசாரணை வேலையாக மாறும் வாய்ப்பும் அதிகம். வைகாசி, ஆவணி, தை ஆகிய கிரகப்பிரவேச மாதங்களில் ஆள் கிடைப்பதே அரிது என்ற நிலையில், பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுவது வேலை தானாக வரும் மாதங்களுக்கும் விலை கொடுப்பதாகும்.

ஆனாலும் இவ்வூர்களில் தளங்களுக்கு இடமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சொந்த ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள், சேத்தூர், தளவாய்புரம், மம்சாபுரம், கிருஷ்ணன்கோவில் பக்கம் புதிய மனைகளில் கட்டுகிறவர்கள், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் ஆகியோர் இணையத்தில்தான் தேடுகிறார்கள். மாடிச் சூரிய மின்தகடு, சிசிடிவி, ஏசி போன்று வேலை ஒன்றுக்கு மிச்சம் அதிகமுள்ள துறையினரும், ஊருக்குப் புதிதாக வந்து கடைக்காரர்களின் அறிமுகம் இன்னும் கிட்டாதவர்களும், குறுகிய காலத் திட்டம் ஒன்றை வாங்கிச் சோதித்துப் பார்ப்பதில் பிழையில்லை. கூகுளில் தொழிலின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிந்துகொள்வதற்குக் கட்டணம் கிடையாது என்பதையும், அதற்குப் பணம் கேட்டு வரும் அழைப்புகள் கூகுளுடையவை அல்ல என்பதையும் அவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

விசாரணையின் தரம் பற்றிய வாக்குறுதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு தக்க சான்று. வீட்டுப் பணி செய்வோருக்கு விசாரணை விற்கும் ஹோம்அட்வைசர் நிறுவனத்தின்மீது அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022 மார்ச்சில் நடவடிக்கை எடுத்தது. விசாரணைகள் வேலையாக மாறும் விகிதத்தை ஆதாரமின்றிப் பெருக்கிச் சொன்னது, தொழிலாளி செய்யாத வேலைக்கும் அவர் போகாத பகுதிக்கும் உரிய விசாரணைகளை அனுப்பியது ஆகியவை குற்றச்சாட்டுகளில் அடங்கும். 2023 ஜனவரியில் வந்த உத்தரவின்படி அந்நிறுவனம் 72 லட்சம் டாலர் வரை செலுத்த ஒப்புக்கொண்டது. இங்கு முக்கியமானது தொகையன்று. ஏமாந்தவர் ஒரு தொழில் செய்கிறவர், ஆகவே அவர் நுகர்வோர் அல்லர் என்று அந்த ஆணையம் ஒதுக்கிவிடவில்லை. இந்தியாவில் இந்த இடத்தில்தான் சட்டம் சற்று மெலிந்திருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7)ஆம் பிரிவு, வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுகிறவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று அப்பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை விரிவாக ஆராய்ந்து, ஓர் இயந்திரத்தை வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவர் நுகர்வோரே என்றும், பிறரைக் கொண்டு இயக்கிப் பெருந்தொழில் நடத்துபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றும் வேறுபடுத்தியது. சிக்கல் என்னவென்றால், பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பின்னர் சேர்க்கப்பட்டிருந்த ‘பெறப்படும் சேவைகள்’ என்ற பகுதி 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அங்கே பொருள்கள் மட்டுமே குறிப்பிடப்படுகின்றன. விளம்பரத் திட்டம் என்பது பொருளன்று, சேவை. எனவே தனி ஆளாக உழைத்துப் பிழைக்கும் எலக்ட்ரீசியன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், அவர் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்க இடமுண்டு. உழைப்பாளியின் பாதுகாப்பைக் குறுக்கும் இந்த விடுபாட்டை நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டும். அதுவரை, தானே உழைத்துப் பிழைப்பவர் என்பதற்கான சான்றுகளைப் புகாருடன் தொடக்கத்திலேயே இணைப்பது நல்லது. தொழிலாளர் நல வாரிய அட்டை, லேபர் கூலி மட்டும் வரவாகும் வங்கிக் கணக்கு விவரம் போன்றவை அதற்கு உதவும்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்துகளில் முதலாவது, வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. ‘மாதம் இத்தனை வேலை உறுதி’ என்று போனில் கேட்டது, கையெழுத்திடும் படிவத்தில் ‘விசாரணைகளின் எண்ணிக்கைக்கோ தரத்துக்கோ உத்தரவாதம் இல்லை, கட்டிய தொகை திருப்பித் தரப்படாது’ என்று மாறியிருக்கும். பொய்யான உறுதி கொடுத்துப் பெறப்பட்ட ஒப்புதலால் உண்டான ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் ரத்து செய்யலாம் என இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 19ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்த உறுதி கொடுக்கப்பட்டது என்பதை நிறுவ வேண்டிய பொறுப்பு அவருடையதே. அதற்கு மிக எளிய வழி, கையெழுத்துக்கு முன்பே பிரதிநிதியிடம், ‘நீங்கள் போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், ஒரு லீடு எத்தனை பேருக்குப் போகும், இராஜபாளையத்தில் போன மாதம் இந்த வேலைக்கு எத்தனை பேர் விசாரித்தார்கள், தவறான எண்ணுக்கு ஈடு உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்’ என்று கேட்பதுதான். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் தேவைப்படுவதால், உரையாடல் உள்ள செல்போனை மாற்றிவிடாமலும் செய்திகளை அழித்துவிடாமலும் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, மாதத் தவணை தானாகப் பிடிக்கப்படுவதற்காகக் கொடுக்கும் முன் அனுமதி. இதை வங்கிகள் ‘மேண்டேட்’ என்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து ‘நாச்’ முறையிலும், யுபிஐயில் ‘ஆட்டோபே’ முறையிலும் இது நடக்கிறது. கார்டு, யுபிஐ வழியிலான தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாச் அனுமதியை நிறுத்த வங்கிக் கிளையிலோ வங்கியின் செயலியிலோ விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இது மிகவும் தவறான வழி. கடனுக்காகக் கொடுத்த மின்னணுப் பற்று பணமின்றித் திரும்பினால், காசோலை திரும்புவதைப் போலவே, செலுத்துகை மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம், 2007-இன் 25ஆம் பிரிவின்கீழ் குற்ற நடவடிக்கைக்கு இடமுண்டு. திட்டத்தை நிறுத்த விரும்புகிறவர் முதலில் காரணத்தோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டில் கடிதமும் அனுப்பிவிட்டு, அதன் நகலோடு வங்கியில் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். வங்கி 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் ‘சந்தாப் பொறி’யை, 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்யப்பட்ட ஏமாற்று உத்திகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றன.

மூன்றாவது, எண் பொதுவெளிக்கு வந்துவிடுவதால் வரும் மோசடி. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பெரிய பெயிண்டிங் வேலை பேசி, முன்பணம் அனுப்புவதற்காக ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்வது நாடெங்கும் அறியப்பட்ட உத்தி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்ட நொடியில் பணம் போகிறது, வருவதில்லை. ஏமாந்தவர் உடனே 1930-ஐ அழைத்தால், தொகை கைமாறும் முன் முடக்கப்பட வாய்ப்புண்டு.

தகராறு முற்றினால், மும்பையிலோ பெங்களூருவிலோதான் வழக்காட வேண்டும், நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று படிவத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையத்தில், புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே மனு கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. நடுவர் ஒப்பந்தம் இருப்பது ஆணையத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால், இவ்வட்டாரத்தார் மாவட்டத் தலைநகருக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால், பல நிறுவனங்கள் வழக்குக்குப் போகாமலே பேசித் தீர்க்க முன்வரும்.

‘நுகர்வோர் அல்லர்’ என்ற வாதத்தில் சிக்க விரும்பாதவருக்கு இன்னொரு கதவும் உண்டு. மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. அங்குள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்கு தொடுக்கும் முன்பே லோக் அதாலத்துக்கு மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை, நுகர்வோரா வணிகரா என்ற கேள்வியும் அங்கே எழாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைக் கணக்கில் கொள்ளாமலும், வருமான வரம்புக்குள் இருக்கும் மற்றவர்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மனுவோடு கொண்டுபோக வேண்டியவை நான்கு: கையெழுத்திட்ட படிவம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் செய்திகளின் பிரதி, எந்தத் தேதியில் எந்த எண்ணிலிருந்து விசாரணை வந்தது, அழைத்தபோது என்ன பதில் கிடைத்தது என்று நாள்தோறும் எழுதி வைத்த ஒரு சாதாரண நோட்டு.