மண்ணில் மறைந்த கோட்டைத் தோட்டங்கள்

கோட்டை மதில் இடிந்து வீழ்ந்தாலும் அதன் கற்கள் எஞ்சி நிற்கும். தோட்டமோ அவ்வாறன்று. பேணுவோர் அகன்ற சில ஆண்டுகளிலேயே பாத்திகளைப் புதர் மூடும். வாய்க்கால்களில் வண்டல் படியும். எனினும் அத்தோட்டம் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. அதன் அடையாளங்கள் மண்ணுள் தங்கியிருக்கும். அவற்றை முறையாக அகழ்ந்து அறிவதே தோட்டத் தொல்லியலின் நோக்கமாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இலங்கையிலுள்ள சிகிரியாக் கோட்டை. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் பெரும்பாறை ஒன்றின் உச்சியில் அரண்மனையும், அடிவாரத்தின் மேற்கே நீர்த் தோட்டங்களும் அமைத்தான். 1890-களில் எச். சி. பி. பெல் அங்கு ஆய்வைத் தொடங்கினார். 1980-களில் பண்பாட்டு முக்கோணத் திட்டத்தின்கீழ் நடந்த அகழ்வுகள் தோட்டத்தின் அமைப்பை மேலும் தெளிவாக்கின. குளங்களும் நடைபாதைகளும் ஒரு நடுக்கோட்டின் இருமருங்கும் ஒத்த வடிவில் அமைந்துள்ளன. துளையிட்ட சுண்ணாம்புக் கற்பலகைகளே நீரூற்றுகளின் வாய்கள். பொறி எதுவுமின்றி, மேலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே அவை இயங்கின. நல்ல மழைக்காலத்தில் இன்றும் நீரைப் பீச்சுகின்றன.

இத்தகைய அமைப்பை அறிவது எங்ஙனம்? வாய்க்காலின் அடித்தளத்தைப் பல இடங்களில் மட்டம் பார்த்தால், நீர் ஓடிய திசை புலனாகும். மரம் நட வெட்டிய குழியில் நிரம்பிய மண், சுற்றிலுமுள்ள மண்ணினின்று நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபடும். அக்குழிகளின் இடைவெளியை அளந்து மரவரிசைகளை வரையலாம். நட்ட மரம் இன்னதென அறிய மகரந்தத் தூளும் கரிந்த விதைகளும் துணைபுரியும். மகரந்தம் நீர் தேங்கிய சேற்றில் நெடுங்காலம் கெடாதிருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் விரைவில் சிதையும். ஆதலின் பழங்குளத்துச் சேற்றை ஆராயாது வாரி எறிதல் சான்றையே எறிவதாகும். ஆயினும் காற்று மகரந்தத்தைத் தொலைவிலிருந்தும் கொணரும். அதனை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது.

சான்றின்றி எழுந்த கதைகளையும் அகழ்வு திருத்தும். ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ்மகால் ஒன்று தொடங்கப்பட்டதென்று நெடுநாள் கூறிவந்தனர். 1990-களில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை அகழ்ந்தபோது அங்குத் தோன்றியது எண்கோணக் குளமொன்றும் தோட்டமுமே. மேத்தாப் பாக் என்னும் அத்தோட்டம் பின்னர் மீண்டும் செடிகள் நட்டுப் புதுப்பிக்கப்பட்டது.

அந்தமானில் உள்ளோர்க்கு இவ்வாய்வு முறை அயலானதன்று. 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையிடமாக விளங்கிய ராஸ் தீவில் தலைமை ஆணையர் மாளிகையும் தோட்டமும் இருந்தன. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் 1942-இல் ஜப்பானியர் வருகையையும் அடுத்து அத்தீவு சிறப்பிழந்தது. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படும் அவ்விடத்தில், அத்தி இனத்து மரங்களின் வேர்கள் சுவர்களைத் தழுவி நிற்கின்றன. அவ்வேர்கள் கல்லைப் பிளக்கவும் செய்கின்றன, தாங்கவும் செய்கின்றன. அவற்றை ஒரேயடியாகப் பிடுங்கினால் சுவரும் உடன் சரியும். ஆங்கிலேயர் கொணர்ந்த புள்ளிமான்கள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால், எதனை மீண்டும் நட்டாலும் வேலியிடுதல் இன்றியமையாதது.

ஆகவே இத்தகைய இடத்தில் புதர் அகற்றப் புகும் களப்பணியாளர், முதலில் படிக்கட்டு, வடிகால், ஓடு பாவிய பாதை, ஒழுங்கான வரிசையில் நிற்கும் முதுமரம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்ளல் வேண்டும். கிடைக்கும் பொருளை அது கிடந்த இடத்திலேயே விட்டுத் துறையினர்க்கு அறிவித்தல் நன்று. பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு பழைய மரவரிசைகளை அளந்து பதிவு செய்யலாம். மண்ணைத் தோண்டுதல் மட்டும் கூடாது. இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம்; ஒருமுறை கலைந்த மண்ணடுக்கை எவராலும் மீண்டும் அடுக்க இயலாது.